காலில் பூசாத புகையிலை

வட்டவளை
2003

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுருட்டை மறக்க, லீவில் வந்தபோது நீங்கள் கொடுத்துப் போன தோளில் ஒட்டும் மருந்தை நிறுத்திவிட்டேன். கோபப்பட வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிகள் டொக்டரைக் கேட்கவேண்டும் என்று பெட்டியில் இருப்பதைத் தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் வாசித்துச் சொன்னார். அதனால் கேட்கப் போனேன். விளங்கியிருக்கும்.

“சுருட்டுதான் பெரிய கெடுதல். மருந்து இல்லாம விட்டுப் பாருங்க. முடியலைன்னா வாங்க, யோசிப்போம்,” என்றார் டொக்டர். தலையாட்டிவிட்டு வந்தேன். இப்போது இரண்டும் இல்லை, தேயிலைக் கொழுந்து எடுக்கையில் கை சுருட்டைத் தேடி மடியைத் தடவுகிறது.

ஒன்றுதான் விளங்கவில்லை. மருந்து தோல் வழியாகப் போகும் என்றால், அட்டை ஏறாமலிருக்க நாங்கள் காலில் பூசும் புகையிலைத் தண்ணீரும் போகுமா? இத்தனை நாளும் பூசினேனே. அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

இன்று பூசாமல் மலைக்குப் போனேன். முழங்கால் வரை அட்டை. பரவாயில்லை, அவை என் இரத்தத்தைத்தானே குடிக்கும்.

தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து,
உங்கள் மனைவி