காதைத் தொடாத கை

தோழி,

இன்று காலை எதிர்வீட்டுப் பையன் உள்ளங்கையில் ஒரு பல்லை ஏந்திக்கொண்டு வந்து நின்றான். முதன்முதலாக விழுந்த பல். கூரைமேல் போடவேண்டும் என்று அவன் அம்மா சொல்லிவிட்டாளாம். அவர்கள் இருப்பதோ மாடி வீடு. எங்கள் மாட்டுக்கொட்டகை மேல் எறியச் சொன்னேன். அவன் போன பிறகு வேலை ஓடவில்லை, உன் நினைப்பாகவே இருந்தது. நீ கண்ணை மூடிய பிறகு உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்து ஊரில், எழுபதுகளின் தொடக்கத்தில், நாம் ஒரே அறையில் குடியிருந்தோம். நீ தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர், நான் உயர்நிலைப்பள்ளியில் கணக்கு டீச்சர். உனக்கு வாய்த்தது மூக்குச்சளி, எனக்கு வாய்த்தது அல்ஜீப்ரா என்று உன்னைச் சீண்டுவேன். சளியாவது துடைத்தால் போய்விடும் என்பாய் நீ.

அந்த ஊரில் பிள்ளைகள் பிறந்த தேதியை யாரும் எழுதி வைத்ததில்லை. ஜூன் மாதம் சேர்க்க வரும் பிள்ளையைத் தலைமையாசிரியர் நிற்கவைத்து, வலது கையைத் தலைக்குமேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது முடிந்தது. தொடாவிட்டால் அடுத்த வருஷம். சின்ன வயசில் நம்மையும் அப்படித்தான் சேர்த்தார்கள், அதில் ஒரு தப்பும் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு சின்னப் பெண் தினமும் உன் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே சொல்லும் பாட்டை வெளியிலிருந்தே சொல்வாள். ஏன் சேரவில்லை என்று நீ கேட்டதற்கு, "கை எட்டல டீச்சர்" என்றாளாம். பார்த்தால் வலது கை இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிப்போய்த் தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஜூன் வந்து போயிருந்தது. கை எட்டட்டும், கூட்டிவா என்றே இரண்டு தடவையும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் அவர் பார்த்தது காதை மட்டும்தான்.

நீ அவளை அவர் மேஜைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாய். எதையோ கேட்க நானும் அங்கே வந்திருந்தேன். முறை என்று ஒன்று இருக்கிறதே என்று அவர் இழுத்தார். நீ அந்தப் பெண்ணிடம், "வாயத் தொற கண்ணு" என்றாய். முன்பல் இரண்டும் இல்லை.

"பல்லு விழுந்துட்டுதுங்க சார். இன்னும் அஞ்சு வயசு ஆவலையா? இந்தக் கை வளராதுங்க. வயசுதான் வளருது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவள் பெயரைக் கேட்டு எழுதினார்.

சில வருஷம் கழித்துப் பள்ளிப்படிப்பையே மாற்றி அமைத்தார்கள். பதினோராம் வகுப்போடு முடிந்துகொண்டிருந்தது பத்தாகி, மேலே பள்ளியிலேயே பிளஸ் டூ வந்தது. பி.யு.சி. படிக்கத் திருச்சிக் கல்லூரிக்கு அனுப்ப மனமில்லாமல் பெண்களை நிறுத்திவிடும் வீடுகளுக்கு அது பெரிய விஷயம். அரியலூரில் ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். நாங்கள் எல்லாரும் ஆய்வுக்கூடம், கட்டடம், எம்.எஸ்சி. படித்த ஆசிரியர் என்று கேட்டோம். நீ எழுந்து காது கதையைச் சொன்னாய். பின்வரிசையில் சிரித்தார்கள். இதற்கும் பிளஸ் டூவுக்கும் என்ன சம்பந்தம் என்று அதிகாரி கேட்டார்.

"மேல ரெண்டு வகுப்பு சேக்குறீங்க, ரொம்ப நல்லதுங்க சார். ஒண்ணாப்பு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டா, அங்க யாருங்க வந்து உக்காருவா?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டாரா, தெரியவில்லை. உத்தரவு எதுவும் வரவில்லை. நீ காத்திருக்கவும் இல்லை. ஊர்க்காரர்களை விடாமல் நச்சரித்து மாரியம்மன் கோயில் கொட்டகையில் ஒரு பால்வாடி வரவழைத்தாய். மூன்று வயதிலேயே வந்துவிடும் பிள்ளைகளுக்கு வயதைத் தேடும் வேலை இல்லாமல் போயிற்று. காதைத் தொடச் சொல்வதும் தானாக நின்றது.

அந்தப் பெண் என் பிளஸ் டூ வகுப்பு வரை வந்தாள். கணக்கில் சுமார்தான். அதற்காக அவளை நான் திட்டியபோதெல்லாம் எனக்குள்ளே சந்தோஷமாக இருந்தது.

அரியலூர் கூட்டத்தில் ஒன்றை மட்டும் நீ சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அதைச் சொல்ல மனம் வரவில்லை என்றாய்.

பெயர் எழுதிய அன்று சாயங்காலம் சிலேட்டு கொடுக்க அவள் வீட்டுக்குப் போனோமே. கடலைக்காட்டு வேலையிலிருந்து திரும்பியிருந்த அவள் அம்மா, மகளை மடியில் சாய்த்து, தோளில் விளக்கெண்ணெய் தேய்த்து, அந்தக் கையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதது. முதல் தடவை திருப்பி அனுப்பிய நாளிலிருந்து தினமும் இப்படித்தானாம். பள்ளிக்கூடத்தில் கை எட்டச் சொன்னார்களே.

"சேத்தாச்சும்மா. இனிமே இழுக்காதீங்க," என்றாய்.

"காதத் தொட வேணாமா டீச்சர்?"

"வேணாம்மா."

அவள் தன் எண்ணெய்க் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இத்தன நாளும் புள்ளய ஏன் அழ வெச்சேன்?" என்று கேட்டாள்.

நீ அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாய். அதன் பிறகு எத்தனையோ புதுத் திட்டங்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் கேட்கும்போது, இதைக் கேட்டுவிட்டு எந்த வீட்டில் எந்தத் தாய் தன் பிள்ளையின் கையை இழுத்துக்கொண்டிருக்கிறாளோ என்றுதான் எனக்கு முதலில் பதறுகிறது.