கை மாறி வந்த பை

ஜூன் 9, திங்கள்

வேலையில் இருந்தபோது எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "நம்ம பேரே தெரியாதவன் நம்மள ஏன் டீச்சர் கொல்லணும்?" அன்று பயங்கரவாதம் பற்றிய பாடம். வறுமை, பழிவாங்கல், மதவெறி, வெளியிலிருந்து வரும் தூண்டுதல் என்று பலகையில் எழுதிப்போட்டேன். அவளும் எழுதிக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் மட்டும் தெளியவில்லை.

இன்று பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கியபோது அவளைப் போல ஒருத்தி நின்றாள். அதனால் நினைவு வந்தது.

தம்பி கணேசபாண்டியனும் அவன் மகன் நாகராஜும் தாராவியில் ஆணிக்கடையை அடைத்துவிட்டு நனைந்து வந்தார்கள். தம்பி மனைவி பூமாரி இறந்ததிலிருந்து அப்பனும் பிள்ளையும் திலக் நகரில் என்னோடுதான். தட்டின் முன் உட்கார்ந்ததும் நாகராஜ், "அத்தை, சாம்பார்ல முருங்கைக்காய் நீச்சல் தெரியாம தவிக்குது, காப்பாத்தவா?" என்றான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா?

ஜூன் 11, புதன்

ரயிலில் குண்டு. சுனாபட்டி ஸ்டேஷன் தாண்டி. மஸ்ஜித் பந்தரில் சரக்கு எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அதில்தான் வருகிறார்கள். போன் போகவில்லை. போகவே மாட்டேங்குது.

ஜூன் 12, வியாழன்

நாகராஜ் இல்லை.

ஜூன் 14, சனி

பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

சவக்கிடங்கில் துணியை விலக்கினார்கள். முகத்தின் இடது பக்கம் தூங்குகிற மாதிரி இருந்தது. வலது பக்கம் இல்லை. ரயில் இருக்கையின் தகடு ஒன்று தோளில் ஏறி நின்றது. அதை எடுக்காமலே கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கால், செருப்போடு, தனியாக. யாருடையது என்று கேட்க ஆளில்லை. தரையைக் கழுவிவிட்ட தண்ணீர் சிவப்பாக என் காலடிக்கு வந்தது.

தம்பியின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வார்டுக்கு மந்திரி வந்தார். குற்றவாளிகள் எங்கே ஒளிந்தாலும் விடமாட்டோம் என்று காமிராவிடம் சொன்னார். போகும்போது தம்பியின் போர்வையை இழுத்துக் கால்களை மூடப் போனார். ஒரு பக்கம் துணி தட்டையாக விழுந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

ஜூன் 16, திங்கள்

படுக்கைக்கே போலீஸ் வந்தது. "குண்டு இருந்த கறுப்புப் பையை மேலே வைத்தது யார்?" என்று கேட்டார்கள்.

"ஒல்லியா, தாடி வச்ச ஒரு பய. அந்தக் கறுப்புப் பைய ரேக்ல வச்சிட்டுக் கதவுப் பக்கம் போய்ட்டான் சாப். எங்கண்ணால பாத்தேன்" என்றான் தம்பி. காயம்பட்டவர்களின் படங்களைக் காட்டினார்கள். ஒன்றைத் தொட்டான்.

சாயங்காலம் டிவியில் பெயர் சொன்னார்கள். ராஹில், ஏ.சி. மெக்கானிக், கோவண்டி. அவனுடைய தோள்பையில் வயர் இருந்ததாம். மெக்கானிக் பையில் வேறென்ன இருக்கும்?

அவன் சைனப் டீச்சரின் மகன். தாராவிப் பள்ளியில் அவள் கணக்கு, நான் சமூக அறிவியல். பக்கத்துப் பக்கத்து வகுப்பு.

தம்பியிடம் எப்படிச் சொல்வேன்?

ஜூன் 19, வியாழன்

நாகராஜ் படம் போட்ட பேனரோடு ஊர்வலம். தெருமுனையில் இனாயத்துல்லாவின் பேக்கரி முன்னால் நின்றது. அவருடைய அடுப்பிலிருந்தே எரிகட்டையை இழுத்துக் கடையைக் கொளுத்தினார்கள். வெளியே ஓடி வந்தவரின் முழங்காலில் கம்பியால் அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் மாடிவரை கேட்டது. ஒருவன் பேனர் சேற்றில் படாமல் உயர்த்திப் பிடித்திருந்தான். அதில் நாகராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். தினமும் அந்தக் கடையில்தான் பாவ் ரொட்டி வாங்குவான். போலீஸ் வேன் முக்கிலேயே நின்றது, எல்லாம் முடிகிறவரை.

அதே போலீஸ் விடியுமுன் கோவண்டியில் வீடு வீடாகக் கதவை உடைத்துப் பையன்களை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

வகுப்பில் ஒருவன் கல்லெறிந்தான் என்று அந்த வரிசை முழுவதையும் பிரம்பால் அடித்துப் பாருங்கள். எறிந்தவன் தப்பித்துக்கொள்வான். மற்றவர்கள் கல் தேட ஆரம்பிப்பார்கள்.

ஜூலை 2, புதன்

சைனப் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வரலாமா டீச்சர்? தம்பி இருக்காரா?"

"ஆஸ்பத்திரியில இருக்கான். வா."

கோர்ட்டில் மகனைப் பார்த்தாளாம். "நிக்க முடியல டீச்சர். உள்ளங்கால்ல அடி. கால் விரல்ல நகமே இல்ல. வெடிச்சதுல ஒரு காது போச்சு. இன்னொரு காதுல அவங்க அறைஞ்சிருக்காங்க. நான்தான் அப்ப போன் பண்ணேன், ரொட்டி வாங்கிட்டு வாடான்னு. சத்தத்துல கேக்கலன்னு கதவுப் பக்கம் போயிருக்கான். அதுலதான் பொழச்சான். அதுவே இப்ப அவனுக்கு எதிரா சாட்சி."

"பை?"

"ரேக் கிட்ட நின்னிருக்கான். எல்லாப் பையையும் வாங்கி வாங்கி வச்சிருக்கான். தினமும் நடக்குறதுதானே? அந்தப் பைய, பக்கத்துல மஞ்ச டி-ஷர்ட் போட்ட ஒரு பையன் கொடுத்தானாம். அதச் சொன்னதுக்கு, செத்தவன் மேலயா பழி போடுறன்னு தனியா அடி."

இந்த ஊர் ரயிலில் பை நீட்டினால் யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. கை மாறி கை மாறி மேலே ஏறும். இறங்கும்போது அப்படியே திரும்பி வரும். முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் உதவி அது. குண்டு வைத்தவன் அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

மஞ்சள் டி-ஷர்ட் நாகராஜுடையது. நான் துவைத்து மடித்தது.

அதைச் சொல்லாமலே சைனப்பைப் படிவரை கொண்டுபோய் விட்டேன்.

ஜூலை 5, சனி

ஆஸ்பத்திரியில் தம்பிக்கு ராஹில் யார் என்பதை முதலில் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பது போலக் கேட்டேன்.

"பைய மேல வச்சான், சரி. அதுக்கு முந்தி என்ன நடந்துச்சு?"

"கூட்டம்."

"அதுக்கு முந்தி?"

"நம்ம ஆணிப் பையயும் அவன்தான் வாங்கி வச்சான்."

"அந்தக் கறுப்புப் பைய அவன் கையில கொடுத்தது யாரு?"

டம்ளரைச் சுவரில் எறிந்தான். "என்னய ஏன்க்கா சாவடிக்க?"

டம்ளரை எடுத்து வைத்துவிட்டு மறுபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஷிவ்ரி ஸ்டேஷன்ல ஏறுன ஒருத்தன் பின்னாலயிருந்து நீட்டுனான். அடுத்த ஸ்டேஷன் வடாலால எறங்கிட்டான். நம்ம பயதான்… நம்ம பயதான்க்கா வாங்கி அவன்ட்ட கொடுத்தான். அத நான் எப்படிச் சொல்லுவேன்? எம்புள்ள கையால குண்டுன்னு எழுதிருவாவளே."

"அதுக்காக மறைச்சியால?"

"மறைக்கல. வச்சது யாருன்னு கேட்டாவ. சொன்னேன். கொடுத்தது யாருன்னு ஒருத்தனும் கேக்கல."

ஜூலை 21, திங்கள்

சக்கர நாற்காலியில் மாஜிஸ்திரேட் முன் போனான். வராந்தாவில் போலீஸ் அதிகாரி குனிந்து சொன்னார்: "உங்க பையன் பேரும் ஃபைல்ல ஏறும். நல்லா யோசிச்சுக்கோங்க."

"ஏறட்டும் சாப். அந்தப் பயலோட அம்மா உயிரோட இருக்கா" என்றான் தம்பி.

உள்ளே எல்லாவற்றையும் சொன்னான். அதற்குப் பிறகு இருட்டும்வரை போலீஸ்காரர்கள் அவனைக் குடைந்தார்கள். நாகராஜ் தொழுகைக்குப் போவானா? யாரோடு சுற்றுவான்? போனை ஏன் மாற்றினான்? செத்த பிள்ளையை இன்னொரு தடவை அறுத்தார்கள்.

ஜூலை 23, புதன்

பேனரைக் கிழித்து எங்கள் வாசலில் போட்டிருந்தார்கள். 'துரோகி' என்று கத்தினார்கள். ஜன்னல் வழியே வந்த கல் என் நெற்றியில். தையல் போட்டிருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

வடாலா ஸ்டேஷன் காமிராவைத் தேடி எடுத்து, இறங்கியவனை வேறு ஊரில் பிடித்துவிட்டார்கள். நாகராஜ் வயதுதான் அவனுக்கும். அவன் அண்ணன் போலீஸ் காவலில் செத்தவனாம். அது காரணம். ஆனால் நாகராஜின் வலது பக்க முகத்துக்கு அது சமாதானம் ஆகுமா? ஆகாது. ராஹில் நகங்களுக்கு, இந்தக் கைது சமாதானம் ஆகுமா? அதுவும் ஆகாது.

பிப்ரவரி 15, ஞாயிறு

ராஹிலை வழக்கிலிருந்தே விடுவித்துவிட்டார்கள். இன்று சைனப்போடு வந்தான். ஒரு காதில் கொஞ்சம் கேட்கிறது. அந்தப் பக்கமாகத் தம்பியை உட்காரவைத்தேன். ராஹில் இன்னும் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்கிறான்.

"ராஹில், என்னய…" என்று தம்பி ஆரம்பித்தான்.

"அது இருக்கட்டும் மாமா. ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன். பைய நீட்டுறப்ப உங்க பையன் ஹிந்தில ஒண்ணு சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"'பாய், யாரோ மாமியாரையே பேக் பண்ணிக் கொண்டாந்திருக்காங்க, பாத்துத் தூக்கு'ன்னான்."

"சிரிச்சானா?"

"சிரிச்சான் மாமா. நானும் சிரிச்சேன்."

தம்பி முதலில் சிரித்தான். அப்புறம்தான் அழுதான். ராஹில் அவன் கையை விடவில்லை.

இதை யாராவது படிக்க நேர்ந்தால் ஒன்று செய்து பாருங்கள். அடுத்த முறை ஒருவர் 'என் கண்ணால் பார்த்தேன்' என்று சொல்லும்போது, 'அதற்கு முந்தி என்ன நடந்தது?' என்று கேளுங்கள்.