பதினாலாம் நம்பர் ஸ்டிக்கர்

என் செல்ல மகளுக்கு,

நேற்று போனில் நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். குறுக்கே எதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

"வெளிநாட்டு ஃபேன் பாதி விலைக்குக் கிடைச்சுதுப்பா. அவரு அதையே வாங்கலாம்னாரு. நான்தான் ஒத்துக்கலை. எங்கப்பா சோதிச்ச ஃபேன்தான் வேணும்னு, உங்க பதினாலாம் நம்பர் ஸ்டிக்கரைத் தேடிப் பிடிச்சு வாங்கினேன்" என்றாய். ஓடுகிற ஃபேன் பக்கத்தில் போனைப் பிடித்து, "கேளுங்கப்பா!" என்றும் சொன்னாய்.

இருபத்தாறு வருடங்களாக ஒவ்வொரு ஃபேனையும் ஓடவிட்டு, கண்ணை மூடிச் சத்தம் கேட்ட காது இது. நாங்கள் செய்த ஃபேனின் சத்தம் எனக்குத் தெரியாதா? ஆனாலும், "அருமையா ஓடுதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

நீ பிள்ளைத்தாய்ச்சியாக இருந்ததால் ஒன்றை உன்னிடம் மறைத்தேன். மோட்டார் பிரிவைப் போன வருடமே இழுத்து மூடிவிட்டார்கள். இப்போது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிற ஃபேன்களைப் பெட்டி பிரித்து, எங்கள் கம்பெனிப் பெயரை ஒட்டுகிறோம். பதினாலாம் நம்பரையும் நானேதான் ஒட்டுகிறேன். ஒன்றைக்கூட ஓடவிட்டுப் பார்க்க விடுவதில்லை.

நீ சண்டை போட்டு வாங்கியது, மாப்பிள்ளை காட்டிய அதே ஃபேன்தான் அம்மா. அவரிடம் சொல்லாதே, நீ தோற்றுப்போக வேண்டாம்.

தொட்டிலை மட்டும் அதற்கு நேர் கீழே போடாதே.

உன் அப்பா