ஒன்பதாம் பாடத்தின் ப்ரூஃப்

நவ. 8, 94, செவ்வாய்
மழை. மந்தைவெளி முழுக்கத் தண்ணீர், ஸ்கூல் லீவு. டியூஷன் எடுக்கிற ஜோசப் சாரின் பிளஸ் டூ பிசிக்ஸ் நோட்ஸுக்குப் பக்க அமைப்பு பண்ணிவிட்டேன். தலைப்பு எழுத்து 18 பாயிண்ட், உள்ளே 12, சூத்திரத்துக்குக் கட்டம், கடைசியில் "மறக்காதே" பெட்டி. பாடத்தை அடித்தால் போதும், பக்கம் தானாக அமைகிறது. முன்னறை டி.டி.பி. சென்டர் அப்பாவுடையது. டைப் அடிப்பது நான்.

சார் பிழை பார்க்க, ப்ரூஃபை மஞ்சள் பையில் போட்டு ராத்திரி எங்கள் வீட்டு கேட்டில் மாட்டணும். சார் சர்ச்சில் காலைப் பூசைக்குப் போகிற வழியில் எடுப்பார், மறுநாள் திருத்தி மாட்டுவார். பிழைக்குப் பச்சை மை. சரியான பக்கத்துக்கு மூலையில் பச்சை வட்டம். எட்டுப் பாடம் முடிந்தது. பாக்கி ஒன்று.

நவ. 10, வியாழன்
சார் நேற்று இறந்துவிட்டார். மாரடைப்பு. இன்று சாயங்காலம் அடக்கம்.

பா. 9 அவர் எழுதித் தரவே இல்லை. அப்பா: "புதன்கிழமை பசங்களுக்கு புக் குடுத்தாவணும். நீதான் அவர் மாதிரியே எழுதுவியே, போட்டுடு. யாருக்குத் தெரியப்போவுது?"

எழுதினேன். அவர் பெயருக்குக் கீழே அழகாக உட்கார்ந்துவிட்டது. பழக்கத்தில் ப்ரூஃபைப் பையில் போட்டு மாட்டிவிட்டேன். எடுக்க சார் இல்லை என்று படுத்த பிறகுதான் உறைத்தது. எழுந்துபோய் எடுக்கப் பயம்.

நவ. 11, வெள்ளி
பை இல்லை. மழை. அல்ஜீப்ரா டெஸ்ட் சொதப்பல்.

நவ. 12, சனி
பை கேட்டில். பா. 9 முழுக்கப் பச்சை மை. சாரின் கையெழுத்து, ழ-வுக்கு அதே நீள வால். "மறக்காதே" பெட்டியில்: இது நான் எழுதியதல்ல.

அப்பா பார்த்தார். "எவனோ வெளையாடறான். பிரிண்ட் போடு."

சார் வீட்டுக்கு ஓடினேன். ஆன்ட்டி கறுப்புப் புடவையில்.
"ஆன்ட்டி, சாரோட பச்சைப் பேனா இருக்கா?"
"சட்டைப் பையிலயே வச்சு அனுப்பிட்டேன்மா. அது இல்லாம எங்க போவாரு?"

அப்பாவுக்குத் தெரியாமல் பா. 9 அழித்தேன். ஃப்ளாப்பியிலும். தலைப்பு மட்டும் விட்டு, கீழே ஒரு வரி: "இப்பாடத்தைச் சார் எழுதவில்லை." அந்தத் தாளைப் பையில் போட்டேன். இந்தத் தடவை தெரிந்தே மாட்டினேன்.

நவ. 13, ஞாயிறு
பை இல்லை. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. கன்னம் எரிகிறது. "நாளைக்குத் திரும்ப அடி."

நவ. 14, திங்கள்
காலையில் பை. அதே தாள். மூலையில் பச்சை வட்டம், ஈரமாக. அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அவரே பிரிண்டரைப் போட்டார்.

விரலில் ஒட்டின பச்சை சோப்பு போட்டும் போகவில்லை. இந்தப் பக்கத்திலும் பட்டுவிட்டது.