பையிலிருந்த ஆரஞ்சுப் பழங்கள்

சிகுர்ட்,

நேற்று மேசையில் சன்னலோரம் நான், எதிரே நம் மகள் ரன்வைக், அடுப்போரம் வரைபடத்தோடு அவள் தோழி துய்ரா. உன் நாற்காலி காலி. “அந்தச் செங்குத்துச் சரிவுல பனிப்பலகையில சறுக்கி இறங்குனா உன்னோட பேசவே மாட்டேன்” என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கதவை அறைந்துகொண்டு போய்விட்டாய்.

பிறகு ரன்வைக்கே வரைபடத்தில் அந்தச் சரிவைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். “வெயில்ல பனி இளகிடும்மா. ஏறுன வழியாவே மதியத்துக்குள்ள இறங்கிடுறோம். அப்பாகிட்ட நீயே சொல்லிடு” என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர்களை மலையடிவாரத்தில் விட்டு வருகிறேன். போகிற பாதையின் படம் இதனுடன் இருக்கிறது. மீன் சூப்பைச் சுடவைத்துக் குடி.

பி.கு.: காலையில் அவள் பையைத் திறந்தால் மூன்று ஆரஞ்சு! ராத்திரி எப்போது வந்து வைத்துவிட்டுப் போனாய்? “பேசாதவரு பழம் மட்டும் வைப்பாராக்கும்?” என்று சிரிக்கிறாள். இதை உறையில் போட்டுக் காப்பிக் கெண்டிமேல் சாய்த்து வைக்கிறேன், கிளம்புகிறோம்.

சொல்வெய்க்