ஆற்று மணலில் நான் முன்னால் நடந்தேன்

என்னங்க,

எதிர்வீட்டுக்காரி மாடி எழுப்புகிறாள். அதற்கு ஒரு லோடு ஆற்று மணலைக் கொண்டுவந்து, ஒரு வார்த்தை கேட்காமல், நம் வாசலில் பாதியை அடைத்துக் கொட்டியிருக்கிறாள். இந்தப் பெங்களூர் மர்பி டவுனில் நம் சந்தின் அகலம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு ஆட்டோ நின்றால் இன்னொரு ஆட்டோ போக முடியாது. "நாளைக்கே அள்ளிடுறோம்க்கா" என்றாள். அந்த நாளை இன்னும் வந்தபாடில்லை. நம் வீட்டு முறத்தை வாங்கிக்கொண்டு போனவளும் இவள்தான். அதுவும் திரும்பி வரவில்லை.

நேற்று சாயங்காலம் அடித்த மழையில் அந்த மணல் நன்றாக ஊறிவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும் அந்த வாசனை. புழுதி நனைந்தால் வருகிற வாசனை எல்லாருக்கும் தெரியும். ஆற்று மணல் நனைந்தால் வேறு மாதிரி. கிளிஞ்சலும் பாசியும் துருப்பிடித்த இரும்பும் சேர்ந்தாற்போல இருக்கும். வண்டி எதுவும் நிற்காத சந்தில் எனக்கு டீசல் புகையும் சேர்ந்து அடித்தது. திட்டுவதற்கென்றே எழுந்தவள், துடைப்பமும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். பிறகு உள்ளே வந்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். மூன்றாங்கிளாஸ் கையெழுத்து, மெதுவாகத்தான் வரும். நீங்கள் அவசரக்காரர். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவசரம் என்றதும் உங்கள் நடைதான் வந்து நிற்கிறது. கல்யாணமான நாளிலிருந்து தெருவில் நீங்கள் முன்னால், நான் பின்னால். நம் ஜனத்தில் எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தான் போனார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மற்றவர்கள் எப்போதாவது ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். நீங்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்கிறவர் மாதிரி போய்க்கொண்டே இருப்பீர்கள். அல்சூர் மார்க்கெட்டிலிருந்து வரும்போது ஒருநாள் என் செருப்பு வார் அறுந்தது. இரண்டு கையிலும் பை. குனிந்து செருப்பைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு நிமிர்ந்தால் உங்களைக் காணோம். கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தேன். நீங்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். சாவி என் இடுப்பில்.

"எங்க போயிட்ட?" என்றீர்கள்.

"செருப்பு அறுந்துபோச்சி. பின்னாடி ஒருத்தி வர்றாளே, இருக்காளா செத்தாளான்னு திரும்பிப் பாக்க மாட்டீங்களா?"

"நீ வருவேன்னு தெரியும். அப்புறம் இன்னாத்துக்குத் திரும்பணும்?"

அந்தப் பதிலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆள் போய்விட்டார் என்பதற்காகச் சொன்ன சொல்லும் போய்விடுமா?

அப்படிப்பட்ட மனிதர் நம் மேட்டடார் வேனில் ஏறி உட்கார்ந்தால் ஆளே மாறிவிடுவீர்கள். விடியற்காலையில் சிட்டி மார்க்கெட்டுக்குப் பூ லோடு, முகூர்த்த நாளில் கல்யாண பார்ட்டி. வண்டி எது சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பீர்கள். மகளைப் பாலாற்றுக்கு அந்தப்பக்கம் கட்டிக் கொடுத்த பிறகு மணலும் உங்களுக்குப் பழகிப்போனது. பாலம் சுற்று வழி. எல்லாரும் ஆற்றுக்குள் மணல் லாரிகள் போட்ட தடத்திலேயே குறுக்கே போவார்கள். கரையில் நிறுத்தி, நாலு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவீர்கள். முதல் கியரைப் போட்டால் அடுத்த கரை வரைக்கும் அதே கியர்தான். பிரேக்கில் கால் வைக்கமாட்டீர்கள், ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பமாட்டீர்கள். "மணல்ல வண்டி ஓட்றது, தூங்கற கொழந்தைய இடுப்புல வச்சிகினு நடக்கற மாதிரி. குலுக்கவும் கூடாது, நிக்கவும் கூடாது" என்பீர்கள். நம் பெண் தூங்கின நாளில் அவளை ஒருமுறையாவது நீங்கள் இடுப்பில் வைத்து நடந்ததை நான் பார்த்ததில்லை. அப்போது அதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அவளுக்கு வளைகாப்பு வைத்தது மழை மாதத்தில். தேதி குறித்தது சம்பந்தியம்மா. நம் பக்கத்திலிருந்து வேன் நிறையப் பெண்கள் வருவதாகப் பேச்சு. இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பயந்து ஒருத்தியும் வரவில்லை. யார் யார் வருகிறேன் என்று சொல்லி வராமல் போனார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். நீங்களும் நானும் மட்டும்தான் போனோம். வண்டி கிளீனர்கூட அன்றைக்கு லீவு. போகும்போது ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான், தெளிவாகவே ஓடியது.

வளையல் போட்டு, புளிசாதம் எலுமிச்சை சாதம் எல்லாம் கட்டி முடித்தாயிற்று. வளையல் போட்ட பெண்ணை அன்றைக்கே பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும், அது முறை. மாப்பிள்ளை தோல் பேக்டரியில் ஷிப்டு என்று வாசலிலேயே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார். கை கழுவி நாமும் கிளம்பும்போது சம்பந்தியம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்குப் பொதன்கெழம. பன்னெண்டு அடிச்சிப்போச்சி, ராகு காலம். முடியட்டும், ஒன்றரைக்கு மேல போலாம்."

"ஆத்துல தண்ணி ஏறிகினே வருதுன்னு தெருவுல பேசிக்கிறாங்க சம்பந்தி," என்றேன்.

"பொன்னு கெடச்சாலும் பொதன் கெடைக்காதும்பாங்க. அத வச்சிகினு ராகு காலத்துல புள்ளத்தாச்சிய அனுப்பறதா? பெங்களூருக்காரங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்."

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். பூ லோடுக்கு ராகு காலமும் எமகண்டமும் பார்க்காத நீங்கள், சம்பந்தி வீட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, "பெரியவங்க சொல்றாங்க, இருக்கட்டும்" என்றீர்கள். அந்த அம்மாள் என்னைவிட இளையவள்!

ராகு காலம் முடிந்தது. கரைக்கு வந்தால் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. பாலத்துக்குப் போகிற ரோட்டில் ஏரி வழிந்து நிற்கிறது என்றார்கள். செல்ப் எடுக்காமல் தள்ளித்தான் கிளப்ப வேண்டிய வண்டி என்பதால் இன்ஜினை அணைக்காமல் கரையில் நிறுத்திவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்த மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு நீங்களே நடு ஆறு வரைக்கும் போய்ப் பார்த்து வந்தீர்கள். "போலாம்" என்றீர்கள். சம்பந்தியம்மா கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடு ஆற்றில் ஒரு மணல் மேடு. அதில் ஏறினபோதுதான் தண்ணீரின் நிறம் மாறியது. செம்மண் கலங்கி, நுரையும் குச்சியுமாக வந்தது. மேலே எங்கேயோ இன்னொரு ஏரி வழிந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன், நாம் வந்த தடம் இல்லை. எதிர்க்கரைக்குப் போகிற தடமும் இல்லை. எந்தப் பக்கம் விடுவதென்று தெரியாமல் நீங்கள் நிறுத்தினீர்கள். வண்டி நின்ற இடத்திலேயே உட்காரத் தொடங்கியது. டயருக்கு அடியில் மணல் கரைவதை நான் சீட்டில் உட்கார்ந்தபடியே உணர்ந்தேன். நீங்கள் ஆக்சிலேட்டரை மிதித்து, முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் என்று வண்டியை ஆட்டிக்கொண்டே இருந்தீர்கள். பின்னால் மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி ஆடும்போதெல்லாம் முழங்கை வரைக்கும் போட்டிருந்த கண்ணாடி வளையல்கள் சலசலத்தன.

"இந்தா, நீ எறங்கு."

"நானா?"

"நான் எறங்குனா வண்டிய யாரு புடிக்கறது, ஒன் மவளா? ஆப் ஆச்சின்னா சைலன்சர்ல தண்ணி பூந்துடும், அப்புறம் மூணு பேரும் ஆத்தோட போவ வேண்டியதுதான். எறங்கு."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். கழியை ஜன்னல் வழியாக நீட்டினீர்கள்.

"மொதல்ல கழி, அப்புறந்தான் காலு. தண்ணி சின்னச் சின்னதா நெளிஞ்சிகினு போனா அடியில மேடு. கண்ணாடி மாதிரி சும்மா நின்னா, அது லாரிக்காரன் மணல் அள்ளுன பள்ளம். கண்ணாடிய நம்பாத."

"நீங்க?"

"ஒன் முதுகப் பாத்துகினே வர்றேன். நட."

நடந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் முன்னால், நீங்கள் பின்னால். தண்ணீர் தொடையைத் தள்ளியது. காலுக்கடியில் வரி வரியாகக் கெட்டி மணல் தட்டுப்பட்டால் நேரே போனேன். கூழ் மாதிரி அசைந்தால் நகர்ந்து வேறு இடம் தேடினேன். எனக்குப் பின்னால் அந்த இன்ஜின் ஒரே குரலில் உறுமிக்கொண்டு வந்தது. பயம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவிலும் என் முதுகில் உங்கள் கண் இருப்பது தெரிந்தது. நான் இடப்பக்கம் நகர்ந்தால் வண்டி இடப்பக்கம் நகர்ந்தது. நான் நின்றால் நீங்கள் ஊர்ந்தீர்கள். என்னைக் கட்டின நாளிலிருந்து அவ்வளவு நேரம் நீங்கள் என்னைப் பார்த்ததே கிடையாது.

கரை கிட்டத்தில் வந்துவிட்டது என்ற நினைப்பில் கழியை ஊன்றாமல் காலை வைத்தேன். அடியில் ஒன்றுமே இல்லை. மார்பு வரைக்கும் இறங்கிவிட்டேன். வாயில் மணல். எங்கேயோ தூரத்தில் சம்பந்தியம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "ஐயோ, வளையல் ஒடையாமப் பாத்துக்கோங்க!" முங்கப் போகிறவளுக்குச் சொன்ன புத்திமதி அது. மகள் ஜன்னலில் இரண்டு கையையும் நீட்டி, "அம்மா!" என்று கத்தினாள்.

கழி குறுக்கே விழுந்து பள்ளத்தின் விளிம்பில் தட்டியது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தேன். கண்ணிலிருந்து தண்ணீரை வழித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். உங்கள் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. ஒரு கால் வெளியே, முழங்கால் வரைக்கும் ஆற்றுத் தண்ணீரில். இன்னொரு கால் உள்ளே ஆக்சிலேட்டரில். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கதவில். உடம்பைப் பாதியாகக் கிழித்து, மகளுக்குப் பாதி எனக்குப் பாதி என்று வைத்ததுபோல நின்றீர்கள். இன்ஜினின் சத்தம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. நான் எழுந்து கழியை ஊன்றியதும் அந்தக் கால் உள்ளே போனது. கதவு சாத்திய சத்தம் கேட்டது. நான் பள்ளத்தைச் சுற்றி நடந்தேன், நீங்கள் வந்தீர்கள்.

கரை ஏறினதும் துண்டை உதறி என்னிடம் நீட்டினீர்கள். "தொடச்சிக்கோ. புள்ளைக்குப் பசிக்கும், புளிசாதத்த எடு." அவ்வளவுதான். பெங்களூர் வரைக்கும் மகள் மட்டும் அழுதுகொண்டே வந்தாள். வளையல் ஒன்றுகூட உடையவில்லை. சம்பந்தியம்மா அதை இன்றைக்கும் தன் ராகு கால சாமர்த்தியம் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறாள். அவளிடம் அன்றைக்கு விட்ட பேச்சு, பேத்தி பிறந்து நடந்து பள்ளிக்கூடம் போன பிறகும் நல்லது கெட்டதுக்கு மட்டும்தான்.

அடுத்த வாரம் அல்சூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். இனிமேலாவது பக்கத்தில் நடப்பீர்களோ என்று ஒரு நப்பாசை. வாசலைத் தாண்டினதும் துண்டு தோளில் ஏறியது, அதே ஓட்டம். சரி, நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று நினைத்துக்கொண்டே தெருமுனைக்கு வந்தேன். நீங்கள் அங்கே நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தீர்கள். பீடி வாயில் இருந்தது, தீப்பெட்டி கையில் இருந்தது. பெட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தீர்களே தவிர, குச்சியைக் கிழிக்கவில்லை. என் செருப்புச் சத்தம் பின்னால் வந்ததும் கிழித்தீர்கள். திரும்பிப் பார்க்காமல் மறுபடி நடந்தீர்கள். அடுத்த முனையிலும் அப்படியே. அதற்கப்புறம் கடைசி வரைக்கும் ஒவ்வொரு முனையிலும் அப்படியேதான். ஒரு தடவை, "அந்தப் பீடிய எத்தன தடவைதான் பத்த வைப்பீங்க?" என்று கேட்டேன். "காத்து அடிக்குது" என்றீர்கள். சித்திரை மாதத்து மத்தியானம், ஒரு இலை அசையவில்லை.

வண்டியை விற்ற பிறகு உங்களுக்கு நெஞ்சில் வலி வந்தது. அதிலும் முன்னாலேயே போய்விட்டீர்கள்.

மகளும் மாப்பிள்ளையும் இப்போது வைட்ஃபீல்டு பக்கம் வந்துவிட்டார்கள். போன மழையில் அங்கே போகும்போது ரோடெல்லாம் தண்ணீர். தோண்டிப் போட்ட மண்ணும் மணலும் அடித்து வந்து எது ரோடு, எது பள்ளம் என்று தெரியவில்லை. ஆட்டோக்காரப் பையன் ஓரமாக ஒடிக்கப் பார்த்தான். "அந்தப் பக்கம் வேணாம்பா, தண்ணி கண்ணாடி மாதிரி நிக்குது. நெளியுது பாரு, அங்க வுடு" என்றேன். "ஏனு அஜ்ஜி, டிரைவிங் ஸ்கூல் வச்சிருந்தீங்களா?" என்று, பாட்டி என்பதைக் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தான். ஆனால் சொன்ன பக்கம்தான் விட்டான். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, அது என் வார்த்தை இல்லை என்று.

அந்த மூங்கில் கழி இப்போது கொடியில் துணியைத் தூக்கிப் போட உதவுகிறது. எதிர்வீட்டுக்காரி ஒருநாள் இரவல் கேட்டாள். முறம் வந்தபிறகு பார்க்கலாம் என்றேன். முறம் வந்தாலும் கொடுக்கமாட்டேன்.

எழுதி முடித்ததும் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். வாசல் மணலை மிதித்துத்தான் இறங்க வேண்டும். தனியாகப் போகும்போதும் நான் முந்திக்கொண்டு நடப்பதில்லை. எனக்கு முன்னால் உங்களுக்கான இடத்தை விட்டுவிட்டுத்தான் நடக்கிறேன், இத்தனை நாளாக அதில் வேறு யாரும் வந்து நிற்க விட்டதில்லை. முட்டி வலி வந்துவிட்டதால் முன்பைவிட மெதுவாகத்தான் வருவேன். எந்த முனையிலோ தெரியவில்லை, தீப்பெட்டியைத் தட்டிக்கொண்டு இருங்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம். நின்றால் போதும்.