புது ரயிலுக்குப் பழைய அழுக்கு

பக்கத்து வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். தின்னர் வாடை காலையிலேயே கடைக்குள் வந்துவிட்டது. நீங்கள்தான் உள்ளறையில் ஆரம்பித்துவிட்டீர்கள் என்று நினைத்து, திட்ட வாயைத் திறந்துவிட்டேன். திட்டுவதற்குத்தான் ஆளில்லை. அந்த வாடை எனக்கு அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்கவில்லை. போய்ச் சேர்ந்த புருஷனின் வாடை என்பதற்காக அது சந்தனமாகிவிடாது.

அரவேணுவில் நம் ஃபேன்சி ஸ்டோருக்குக் கோயம்புத்தூரிலிருந்து வளையல், பொட்டோடு பிளாஸ்டிக் ரயிலும் வரும். இருப்பதிலேயே மட்டமான சரக்கு. ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியன் வேலை முடிந்து வந்ததும் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருவீர்கள். பெட்டிகளுக்கு நம் ஊட்டி மலை ரயிலின் நீலமும் வெளிர்மஞ்சளும் பூசுவீர்கள். அத்தோடு விட்டிருந்தால் விற்றிருக்கும். ஜன்னலுக்குக் கீழே மழை வடிந்த கறை, ஆணிக்கடியில் துரு, கூரையில் கரி. டீத்தூளைப் பசையில் குழைத்துச் சக்கரத்தில் சேறு வேறு அப்புவீர்கள். டூர் வந்த ஒரு அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல புதுசு இல்லீங்களா?" என்று கேட்டார். உங்களுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். எனக்கு ஒரு வியாபாரம் போயிற்று.

குன்னூரில் ஒரு பங்களாவில் மாதிரி ரயில் கண்காட்சி என்று கேள்விப்பட்டு, உங்கள் ரயிலைச் செருப்புப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துப் போனீர்கள். பங்களாக்காரர் வீட்டுக்குள்ளேயும் தொப்பி போட்டிருந்தார். வெளிநாட்டு எஞ்சின்களை வரிசையாக வைத்து, தொடக் கூடாது என்று எழுதியிருந்தார். உங்களுடையதைப் பார்த்து, இது பொம்மைதானே என்று சொல்லி, பிள்ளைகளுக்கு பிஸ்கெட் வைத்திருந்த மேஜையில் வைக்கச் சொன்னார். போகலாம் வாங்க என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். நீங்களோ அவருடைய எஞ்சின் முன்னால் போய், மேனேஜரிடம் லீவு கேட்க நிற்பவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். ரொம்பப் புதுசாக இருக்கிறது, ஓடின மாதிரி தெரியவில்லை என்று அவரே குறைபட்டுக்கொண்டார். நான் செய்து தருகிறேன் என்றீர்கள்.

மழைக்காலம் முழுக்க அதற்கே போயிற்று. அந்தப் பக்கம் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூட என்னை விடவில்லை. அடுத்த கண்காட்சியில் அந்த எஞ்சினுக்குத்தான் பரிசு. தொப்பிக்காரர் மைக்கைப் பிடித்து வெகுநேரம் பேசினார். எஞ்சின் செய்த கம்பெனிக்கு நன்றி, தன் அப்பாவுக்கு நன்றி, தன் மனைவியின் பொறுமைக்கும் நன்றி. உங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீங்கள் கடைசி வரிசையில் நின்று கைதட்டினீர்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில், "உங்களுக்குச் சூடு சொரணையே இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"எஞ்சின் அவருதுதான். அழுக்கு நான் வெச்சது. அது அவருக்குந் தெரியும், விடு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தத் தொப்பிமேல் எனக்கிருந்த இளக்காரத்தில் பாதி அன்று உங்கள் தலையில் இறங்கியது. அது இன்னும் கரையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் அவர் ஒவ்வொரு பெட்டியாகக் கொண்டுவந்தார். நம் வீட்டில் டீ குடித்தார். நீங்கள் ஒவ்வொன்றையும் அழுக்காக்கிக் கொடுத்தீர்கள்.

பிறகு ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது.

காரியம் முடிந்த மறுவாரம் தொப்பிக்காரர் வந்தார். பூட்ஸோடு உள்ளே வந்தார். மாலை போட்ட உங்கள் படத்தை அவர் பார்க்கவில்லை, உங்கள் ரயில்கள் இருந்த அலமாரியைத்தான் பார்த்தார். பொம்மை என்று பிஸ்கெட் மேஜைக்குத் தள்ளிய அதே ரயில்கள் இப்போது கலை ஆகிவிட்டன. எல்லாவற்றையும் பங்களாவில் கண்ணாடிக்குள் வைத்து, கீழே உங்கள் பெயரைப் பலகையில் எழுதி மாட்டுவதாகச் சொன்னார்.

"அவரு பேரு என்னன்னு எழுதுவீங்க?" என்று கேட்டேன்.

"அதாம்மா, நம்ம எலக்ட்ரீஷியன்..." என்று இழுத்தார். அப்போதுதான் அவர் கண் உங்கள் படத்துக்குப் போயிற்று. படத்துக்கடியில் பெயர் எழுதியிருக்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். பெயரை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

"பேரு தெரியாத ஆளுக்குப் பலகை வேண்டாமுங்க," என்றேன். போய்விட்டார்.

அவர் கேட்காதது அவருடைய லட்சணம். நீங்கள் ஏன் சொல்லவில்லை? இத்தனை வருடம் எலக்ட்ரீஷியன் என்று கூப்பிடக் கூப்பிட, என்னங்க என்று போய் நின்றிருக்கிறீர்கள். ஆணிக்கடியில் துரு எந்தப் பக்கம் வழியும் என்று பார்க்கக் கண் இருந்தது, சொந்தப் பெயரைச் சொல்ல வாய் இல்லை.

இப்போது கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரானாலும் மீட்டர் பார்க்க வருகிறவரானாலும் முதலில் பெயரைக் கேட்டுவிடுகிறேன். போன மாதம் கடையில் ஒயர் கருகிப்போய், புதிதாக ஒருவர் வந்தார். பெயரைக் கேட்டதும் சிரித்தார். "பேரெல்லாம் எதுக்குங்கக்கா? போன்ல எலக்ட்ரீஷியன்னு போட்டு வெச்சுக்குங்க."

"பேரச் சொல்லுங்க," என்றேன்.

சொன்னார். அதற்கப்புறம்தான் ஏணியைக் கொடுத்தேன்.